சபை வரலாற்றுக்குக் கை கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

சபையாருக்கும், சபைக்கு வெளியே இருந்து உதவிய எல்லோருக்கும் அன்பான வணக்கம்.

சீர்திருத்த ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும் இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களில் வளர்ந்த நம் லுத்தரன் சபையின் வரலாற்றுப் புத்தகத்தை எல்லோரும் வாங்கிக்கொண்டு போனீர்கள். அதில் நன்றியுரைக்குக் கிடைத்தது அரைப் பக்கம். போதகர்களுக்கும் மேலிடத்தாருக்கும் நன்றி சொல்லியே அந்த இடம் தீர்ந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், மேலிடத்தில் இருந்தது போதகர்களின் பெயர்ப் பட்டியலும் சில கணக்குப் புத்தகங்களும்தான். காணிக்கை எவ்வளவு, கூரைத் தகரம் என்ன விலை என்பதெல்லாம் சதம் சதமாக இருக்கிறது. ஆட்களைப் பற்றித்தான் ஒன்றும் இல்லை. அதெல்லாம் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்தும் டவுன் கடைகளிலிருந்தும் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வந்தது. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் இந்த மடலில் யார் பெயரும் இல்லை. யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

முதலில் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஐயா. அவர் நம் சபைக்காரர் இல்லை, தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டிக்காரர். ஆலயத்துப் பின்னறையில் கிடந்த ட்ரங்குப் பெட்டியில் பழைய ஞானஸ்நானப் பதிவேடு கிடைத்தபோது எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் வாசித்தால் ஒன்றும் விளங்கவில்லை. கையெழுத்து ஒரு பக்கம் என்றால், ஊர் பிடிபடாதது அதைவிடத் தொல்லை. அந்தக் காலத்து உபதேசியார் ஒவ்வொரு தோட்டத்தையும் நம் ஆட்கள் வாயில் புழங்கும் பெயரில் எழுதிவைத்திருந்தார். கம்பெனிக் கடதாசியிலும் வரைபடத்திலும் இருப்பதோ துரைமார் வைத்த இங்கிலீஷ் பெயர். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஐயா வாழ்நாள் முழுக்க செக்ரோல், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேடு, எழுதியவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பதிவேட்டை மூக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, "இது மேல் கணக்கு, இது பணிய கணக்கு, இந்த லயம் மண் சரிஞ்சு போச்சு, இப்ப காடு" என்று சொல்லச் சொல்ல நாங்கள் பென்சிலால் குறித்துக்கொண்டோம் (கணக்கு என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு, பணிய என்றால் கீழ்ப்பக்கம்). எந்தெந்தத் தோட்டத்திலிருந்து ஆட்கள் நடந்து வந்து இந்தச் சபையைக் கூட்டினார்கள் என்று புத்தகத்தில் ஒரு படம் இருக்கிறதே, அது முழுக்க அவர் போட்ட படம். அதற்கு அவர் கேட்டது சீனி போடாத தேத்தண்ணி மட்டும்.

அடுத்தது பக்கத்து அங்கிலிக்கன் சபைப் போதகர். நம் வேர் எது என்பதில் சபைக்குள்ளேயே இரண்டு கட்சி இருந்தது உங்களுக்குத் தெரியும். அமெரிக்கா மிஷன்தான் எல்லாம் என்பது ஒரு கட்சி. இல்லை, நாம் தரங்கம்பாடிக்காரர்கள், அங்கே வந்த ஜெர்மன் மிஷனரிமாரின் வழி என்பது இன்னொன்று. சீகன்பால்கு ஐயர் 1706-ல் வந்து இறங்கியதையும், தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715-க்குள் அச்சடித்து முடித்ததையும், சுவார்ட்ஸ் ஐயர் 1760-ல் இலங்கைக்கே வந்துபோனதையும் அவர்கள் அடுக்குவார்கள். கூட்டத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்தும் போனது. அந்த நேரத்தில் போதகர் தன் அலுமாரியிலிருந்த பழைய புத்தகங்களைத் தூக்கிக் கொடுத்து, "சண்டையை நிறுத்திட்டு வாசிங்க" என்றார்.

வாசித்துப் பார்த்தால் இரண்டு கட்சிக்கும் பாதி நியாயம்தான். சுவார்ட்ஸ் ஐயர் வந்தது யாழ்ப்பாணம், கொழும்புப் பக்கம். அப்போது இந்த மலை கண்டி ராஜாவின் காடு. கோப்பியும் இல்லை, தேயிலையும் இல்லை, நாமும் இல்லை. ஆனால் பிற்பாடு தஞ்சாவூர், திருச்சிப் பக்கமிருந்து பிழைக்க வந்த கூட்டத்தில் தரங்கம்பாடி வழி வந்த லுத்தரன் குடும்பங்களும் இருந்தன. பாட்டையும் ஜெபத்தையும் அவர்கள் கொண்டுவந்தார்கள். கிருஷ்ணகிரியில் 1895-ல் வேலையைத் தொடங்கிய அமெரிக்காவின் மிசூரி மிஷன் 1920-களின் பிற்பகுதியில் இலங்கைக்கும் வந்த பிறகுதான் நமக்குச் சபை என்று ஓர் ஒழுங்கு வந்தது. அதற்கு முன்னால் நம்மவர்களில் சிலர், தோட்டத் தமிழருக்காக 1854-ல் அங்கிலிக்கன்காரர்கள் தொடங்கிய மிஷனின் சிற்றாலயங்களில்தான் கும்பிட்டிருக்கிறார்கள். எங்கள் வரலாற்றில் உங்கள் சபைக்கும் ஓர் அத்தியாயம் உண்டு, போதகர் ஐயா. கொடுத்த புத்தகங்களில் ஒன்று இன்னும் நம் மூப்பர் வீட்டில் இருக்கிறது, வந்து சேரும்.

பணிய கணக்கு லயத்துப் பாட்டிக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. சிற்றாலயம் கட்டுவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபக்கூட்டம், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் நடந்தது என்று அவர் சொல்லித்தான் தெரியும். தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரிப்பார்களாம். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் பெரிய பிள்ளைகளை உபதேசியார் வரிசையாக உட்காரவைத்து ஞானோபதேசம் கேட்பாராம். லுத்தர் 1529-ல் எழுதிய அந்தச் சின்ன ஞானோபதேசப் புத்தகம் பாட்டிக்கு இன்றும் மனப்பாடம். நான் ஒரு கட்டளையைச் சொல்லி "இதற்கு அர்த்தம் என்ன?" என்று கேட்டால், ரொட்டி தட்டிக்கொண்டே மூச்சுவிடாமல் பதில் வரும். பத்துக் கட்டளையும் முடிந்ததும், "உனக்குத் தெரியுமா?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது பதிவேட்டின் ஓரத்துக்கு வருகிறேன். 1949-லிருந்து இரண்டு மூன்று வருடங்களுக்கு, பெயர்களுக்குப் பக்கத்தில் "நகல் கொடுத்தது" என்று மை மங்கிய குறிப்பு வருகிறது. பக்கத்துக்குப் பக்கம் அதுதான். ஏன் இத்தனை நகல் என்பதை விளக்கியவர் டவுனில் ஒரு வழக்கறிஞரிடம் நெடுங்காலம் எழுத்தராக இருந்த பெரியவர். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1949-ல் இன்னொரு சட்டம் வந்தது. அதன்படி விண்ணப்பிப்பவர், 1946 ஜனவரி 1-க்கு முன்பு கலியாணமானவர் என்றால் 7 வருடம், ஆகாதவர் என்றால் 10 வருடம் தொடர்ந்து இந்த நாட்டில் வாழ்ந்ததாகக் காட்ட வேண்டும். லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவரிடம் என்ன கடதாசி இருக்கும்? பலரிடம் பிறப்புச் சான்றிதழ்கூட இல்லை. அதனால் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த திகதியாவது இருக்கட்டும் என்று உபதேசியாரிடம் ஓடி வந்திருக்கிறார்கள். அவரும் இரவிரவாக எழுதிக் கொடுத்திருக்கிறார். நாடு முழுக்க 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு. அந்த எழுத்தர் ஐயா இதைச் சொல்லியிருக்காவிட்டால், "நகல் கொடுத்தது" என்பதை நாங்கள் ஏதோ கட்டணக் கணக்கு என்று தாண்டிப் போயிருப்போம்.

1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். நம் பதிவேட்டில் அது சிவப்பு மையில் ஒரே சொல்லாக வருகிறது: "இந்தியா". ஞானோபதேசம் படித்து முடித்து ஒன்றாகத் திடப்படுத்தல் பெற்ற ஒரு வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் சிவப்பு. கோச்சியில் (ரயிலில்) தலைமன்னார், அங்கிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் என்று போனவர்கள் இன்று கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் இருக்கிறார்கள்.

அந்தப் பக்கத்து உறவுகளே, உங்களுக்குத்தான் பெரிய நன்றி. ஒரு பிள்ளை மூலம் வட்ஸ்அப் எண் கிடைத்த அன்றிலிருந்து படங்களும் குரல் பதிவுகளுமாக அனுப்பித் தள்ளினீர்கள். கோத்தகிரி அக்கா அனுப்பிய படத்தைத்தான் அட்டையில் போட்டிருக்கிறோம். தகரக் கூரைக்கு முன்னால் வரிசையாக நிற்கும் பெண்பிள்ளைகள், ஓரத்தில் கோட்டுப் போட்ட உபதேசியார், காலில் செருப்பில்லை. பழைய ஆலயத்தின் முகப்பு தெரியும் படம் எங்களிடம் இது ஒன்றுதான். படத்தின் பின்பக்கத்தை அட்டையில் போட முடியவில்லை, அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன். படப் பிரதிக்குக் காசு கொடுத்தவர் யார், பாக்கி வைத்தவர் யார் என்று அக்கா பென்சிலில் எழுதிவைத்திருக்கிறார். பாக்கிக்காரர்களில் ஒருவர் இப்போது நம் பெண்கள் சங்கத்தில் மூத்தவர். அம்மா, அக்கா இன்னும் மறக்கவில்லை என்று சொல்லச் சொன்னார்.

1977, 1983 இனக் கலவரங்கள் பற்றிப் புத்தகத்தில் இருப்பது ஒரு பக்கம். அதற்கு மேல் எழுத எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. ஆனால் அந்த ட்ரங்குப் பெட்டியும் நற்கருணைப் பாத்திரமும் எரியாமல் தப்பியது டவுனில் பேக்கரி வைத்திருந்த சிங்களக் குடும்பத்தால். மா மூட்டைகளுக்குப் பின்னால் வைத்துக் காப்பாற்றி, அமளி அடங்கியதும் அவர்களே சுமந்துகொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த வீட்டு மகன் இன்று தாத்தாவாகிவிட்டார். புத்தகம் கொடுக்கப் போனபோது, தமிழ் வாசிக்கத் தெரியாது என்றாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தார்.

அப்புறம், பாமினி எழுத்துருவில் கிடந்ததையெல்லாம் யூனிகோடுக்கு மாற்றி, மாற்றும்போது சிதறிய கொம்புகளையும் கால்களையும் உட்கார்ந்து சரிசெய்த வாலிபர் சங்கத் தம்பிக்கு, பதிவேட்டைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோகக் கூலி குறைத்து வாங்கிய ஓட்டோ அண்ணனுக்கு, மழையில் கூட்டம் நடந்த நாளெல்லாம் அவித்த கிழங்கும் கட்டச் சம்பலும் கொண்டுவந்த பெண்கள் சங்கத்துக்கு, எல்லோருக்கும் நன்றி. போட்டோகொப்பிக் கடை பாய், பில் கேட்டால் "பிறகு பார்ப்போம்" என்கிறீர்கள். சபைப் பொருளாளர் கணக்கை முடிக்க முடியாமல் தவிக்கிறார். தயவுசெய்து பில்லைக் கொடுத்துவிடுங்கள்.

புத்தகத்தில் விட்டுப்போன பெயர்களும் படங்களும் யாரிடமாவது இருந்தால் ஆலய அலுவலகத்தில் கொடுங்கள். மறுபதிப்பில் சேர்க்கிறோம். மூலப் படத்தைத் தர வேண்டியதில்லை, கைப்பேசியில் எடுத்து அனுப்பினால் போதும். பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள்.

இப்படிக்கு,
சபைச் செயலாளர்,
வரலாற்றுக் குழுவினர் சார்பில்