உன் வீடியோவில் இல்லாதவை: ஒரு பாயிண்ட் கார்டு தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய நாலு நிமிடக் கூடைப்பந்து ஹைலைட் வீடியோவில் எறிந்த பந்தெல்லாம் கூடையில் விழுகிறது. பாயிண்ட் கார்டை, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவனைத் தேடி வரும் அமெரிக்கக் கல்லூரி கோச்சுக்கு அது பாதி செய்திதான். பந்து உன் கையை விட்டுப் போகும் முன் நீ என்ன முடிவெடுத்தாய் என்பதைத்தான் அவர் பார்க்க வேண்டும். அது ஹைலைட்டில் வெட்டுப்பட்டுப் போகிறது.

பிக் அண்ட் ரோலை எடுத்துக்கொள். உன் அணியின் உயரமான ஆளான சென்டர் ஸ்க்ரீன் போட்டதும், அதாவது உன்னைக் காப்பவனின் வழியை மறித்து நின்றதும், எதிரணியின் உயரமான ஆள் பின்வாங்கி கூடையருகே நிற்கிறானா? அப்படியானால் பதறாமல் நடுத்தூரத்தில் நின்று ஷாட் எடுக்கத் தெரிய வேண்டும். அவனும் உன்னைக் காப்பவனும் சேர்ந்து உன்மேல் பாய்கிறார்களா? டிரிபிளை (பந்தைத் தரையில் தட்டுவதை) நிறுத்தாமல் ஓரிரு அடி பின்வாங்கி, நடுவில் காலியாக நிற்பவனுக்குப் பாஸ் போக வேண்டும். இங்கேதான் பல பையன்கள் மாட்டுகிறார்கள். பந்தைக் கையில் பிடித்துவிட்டு, எகிறிக் குதித்து, காற்றில் இருந்தபடி ஆளைத் தேடுவார்கள். பள்ளி ஆட்டத்தில் உதவித் தடுப்பு தாமதமாக வருவதால் அது செல்லும். கல்லூரியில் அந்தப் பாஸ் போகும் பாதையில் ஒருத்தன் முன்பே நிற்பான்.

அதனால் இரண்டு முழு ஆட்டங்களின் இணைப்பை அனுப்பு. அதில் ஒன்று, முழு மைதானத்திலும் நெருக்கிப் பிடித்து பிரஸ் போட்ட அணியிடம் நீங்கள் தோற்ற ஆட்டமாக இருந்தால் நல்லது. டர்ன்ஓவர் ஆனதும் (பந்தை எதிரணியிடம் இழந்ததும்) நீ திரும்பி ஓடுகிறாயா, நடுவரைப் பார்த்துக் கையை விரிக்கிறாயா என்பது அதில் தெரியும். நேரில் வந்தால் உன் பெஞ்சுக்குப் பின்னால் போய் உட்காரும் கோச்களும் உண்டு. டைம் அவுட்டில் யார் பேசுகிறார்கள் என்று கேட்கத்தான்.

ஒரு டர்ன்ஓவருக்கு இரண்டு அசிஸ்ட் (கூடையாக மாறும் பாஸ்) என்ற விகிதம் மதிப்பைத் தரும். ஆனால் கூட ஆடுபவர்கள் எறிவது விழாவிட்டால் உன் அசிஸ்ட் குறையும், அது கோச்களுக்கும் தெரியும். ஷாட்டில் உன் கால் எந்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்கிறது என்று கவனிப்பார்கள். பள்ளியின் மூன்று புள்ளிக் கோடு 19 அடி 9 அங்குலம், கல்லூரியில் 22 அடி 1¾ அங்குலம். உயரத்தை ஷூ இல்லாமல் அளந்து எழுது. கூட்டிச் சொன்னால் முதல் கைகுலுக்கலிலேயே குட்டு வெளிப்படும்.

2016இல் தென் கரோலினாவில் நடந்த ஒரு முகாமுக்கு வேறொரு பையனைப் பார்க்க வந்த மரே ஸ்டேட் பல்கலைக்கழக உதவி கோச், தின்பண்டம் வாங்கப் போன வழியில் பக்கத்து அரங்கில் ஜா மோரண்ட் ஆடுவதைப் பார்த்தார். அந்த மோரண்ட் 2019 என்.பி.ஏ. டிராஃப்டில், அதாவது அமெரிக்கத் தொழில்முறை அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், இரண்டாவது ஆளாகப் போனார். அந்த மாதிரி அதிர்ஷ்டத்தை நம்பி உட்காராதே, மின்னஞ்சல் எழுது. உதவி கோச்சின் பெயருக்கே போகட்டும். தலைப்பிலேயே பள்ளி முடிக்கும் ஆண்டு, பொசிஷன், உயரம், ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி). உள்ளே ஐந்தாறு வரி, ஜெர்சி எண், அடுத்த ஆட்டங்களின் அட்டவணை. கல்லூரி விளையாட்டின் மேல்நிலையான டிவிஷன் 1 கோச்கள் 10ஆம் வகுப்பு முடிந்த ஜூன் 15க்குப் பிறகுதான் உன்னோடு நேரடியாகப் பேசலாம். அதற்கு முன் பதில் வரவில்லையே என்று மனம் வாடாதே.

படிப்பில் டிவிஷன் 1 கேட்பது 16 கோர் (அடிப்படை) பாடங்கள், அவற்றில் 2.3 ஜி.பி.ஏ. 12ஆம் வகுப்பு தொடங்கும் முன் 10 பாடங்கள் முடிந்திருக்க வேண்டும். அதில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும். அந்த மதிப்பெண்கள் அப்போதே பூட்டப்பட்டுவிடும், பிறகு திரும்பப் படித்து உயர்த்த வழியில்லை.

இடம் குறைவு என்பதையும் மறைக்க மாட்டேன். கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில், இரண்டு வருடம் கல்லூரியில் ஆடிய 21 வயது கார்டு கிடைக்கும்போது, 17 வயதுப் பையனுக்காகக் காத்திருக்கப் பல கோச்களுக்குப் பொறுமை இல்லை. டிவிஷன் 2, என்.ஏ.ஐ.ஏ. (இன்னொரு கல்லூரி விளையாட்டுச் சங்கம்), ஜூனியர் கல்லூரிகளையும் பட்டியலில் வை. டிவிஷன் 3இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி உண்டு.

கட்டணம் கேட்கும் முகாமின் அழைப்பு ஆஃபர் ஆகாது. உண்மையிலேயே ஆஃபர் என்று ஒரு கோச் பேசினால், எத்தனை வருடத்துக்கு, எவ்வளவு தொகை, அடுத்த வசந்தத்தில் போர்ட்டலிலிருந்து இன்னொரு கார்டை எடுப்பீர்களா என்று மூன்றையும் கேள். பதிலை எழுத்தில் வாங்கு. கோச் வேலை மாறிப் போனால் உன் கையில் மிஞ்சுவது கல்லூரி கையெழுத்திட்ட அந்தத் தாள்தான்.

அன்புடன்,
அண்ணன்