பாதி முடி எப்போதும் மிச்சம் இருக்கும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அன்றே பதில் எழுத உட்கார்ந்து, பாதியில் எடுத்து வைத்துவிட்டேன். "இறந்துபோன குழந்தைகளின் முடியையும் சாம்பலையும் தினமும் கையில் எடுத்து நகை செய்கிறாயே, உன் புண் எப்படி ஆறும்?" என்று கேட்டிருந்தாய். இதே கேள்வியைப் பலர் கேட்டு, ஏதோ சொல்லிச் சமாளித்திருக்கிறேன். உன்னிடம் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

பாப்பா 36-வது வாரத்தில் வயிற்றிலேயே போய்விட்டாள் என்பது உனக்குத் தெரியும். அன்று ஒரு நர்ஸ், நான் கேட்காமலேயே அவள் தலையிலிருந்து கொஞ்சம் முடியைக் கத்தரித்துச் சின்ன உறையில் போட்டுக் கொடுத்தார். பாதத்தில் மை தடவி ஒரு அட்டையில் பதித்தும் தந்தார். வீட்டுக்கு வந்த பிறகு, அவள் இருந்தாள் என்பதற்கு அந்த உறையும் அட்டையும்தான் சாட்சி. உறையைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் ஓர் இழையாவது காணாமல் போய்விடுமோ என்று பயம் வரும். அதை எதிலாவது அடைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அப்போது என் ஆசை. தொழில் என்கிற நினைப்பே கிடையாது.

அவளுக்காகச் செய்த முதல் டாலரைக் கெடுத்தது நானேதான். முடிமேல் ஊற்றி இறுகவைக்கும் ரெசின் என்பது இரண்டு திரவங்களின் கலவை. ஒன்று பிசின், மற்றது அதை இறுக்குவது. அளவு பிசகினால் இறுகாமல் பிசுபிசுவென்று கிடக்கும். முடியில் ஈரம் இருந்தால் குமிழி கிளம்பும். எனக்கு இரண்டுமே நடந்தது. அதற்குள் மாட்டிய முடியை மீட்க வழியே இல்லை. அன்று ராத்திரி அழுத மாதிரி நான் ஆஸ்பத்திரியில்கூட அழவில்லை. நல்லவேளை, உறையில் பாதியை விட்டுவைத்திருந்தேன்.

அன்றிலிருந்து யார் எவ்வளவு அனுப்பினாலும் பாதிக்கு மேல் தொடுவதில்லை. மீதி அந்த அம்மாவுக்கே திரும்பிப் போய்விடும். புதிதாகக் கலக்கும் ரெசினை முதலில் என் தலையிலிருந்து வெட்டிய முடியில் ஊற்றிப் பார்ப்பேன். ஒரே நாளில் இரண்டு உறைகளைப் பிரிக்கவே மாட்டேன், மாறிவிட்டால் யாரிடம் போய் என்ன சொல்வது? வெயில் படப்பட ரெசின் மெல்ல மஞ்சளாகும் என்பதையும் ஆர்டர் எடுக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டுச் சிலர் வேண்டாம் என்று போய்விடுவார்கள். போகட்டும். பிறகு ஒருநாள் டாலரை எடுத்துப் பார்த்து அவர்கள் கலங்குவதைவிட இது மேல்.

எனக்கு மனதுக்கு நெருக்கமானது வெள்ளி வேலை. வெள்ளிக் களிமண் என்று ஒன்று இருக்கிறது, நுண்ணிய வெள்ளித்தூளைப் பசையோடு பிசைந்தது. பாதத்தடத்தைச் சிறிதாக்கி அச்சு எடுத்து, களிமண்ணை அதில் அழுத்தி, காயவைத்துச் சூளையில் வைத்தால் பசை எரிந்துபோய் வெள்ளி மட்டும் நிற்கும். நான் 900 டிகிரி வைப்பேன். 961-ஐத் தொட்டால் வெள்ளியே உருகிவிடும். அந்த இரண்டு மணி நேரமும் சூளையை விட்டு நகர மாட்டேன். வெளியே எடுக்கும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கியிருக்கும் என்பதால், அச்சை முன்பே கொஞ்சம் பெரிதாக எடுக்க வேண்டும்.

போன மாதம் ஒரு அம்மா விரல்ரேகை கேட்டார். ஆறு மாதம் முடிந்ததும் பிறந்து, சில மணி நேரம் மட்டும் இருந்த பையன். இவ்வளவு சின்னக் குழந்தைக்கு ரேகை இருக்குமா என்று அவருக்கே சந்தேகம். இருக்கும், ஆறு மாதத்துக்குள் கைரேகை அமைந்துவிடும் என்றேன். அவர் அனுப்பிய அட்டையை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கட்டைவிரலில் மூன்று வளைவுகள் தெரிந்தன. பெரிதாகப் படம் எடுத்து அனுப்பினேன். "இதை யாருமே எனக்குக் காட்டவில்லை" என்று மட்டும் எழுதினார்.

முடியை நகையில் வைப்பதா என்று என் மாமியார் முதலில் முகம் சுளித்தார். விக்டோரியா அரசி காலத்து இங்கிலாந்தில் இறந்தவர்களின் முடியைப் பின்னி மோதிரத்திலும் லாக்கெட்டிலும் வைத்துக்கொண்டார்கள் என்று சொன்னேன். 1861-ல் கணவர் ஆல்பர்ட் இறந்த பிறகு அந்த அரசியும் அவருடைய முடி வைத்த நகையை அணிந்தார். அப்புறம் ஒருநாள், பாப்பாவின் டாலரைக் கொஞ்ச நேரம் போட்டுப் பார்க்கட்டுமா என்று அத்தையே கேட்டார்.

பணம் வாங்க முதலில் கை கூசியது. இப்போது வெள்ளியின் எடைக்கும் என் நேரத்துக்கும் மட்டும் விலை சொல்கிறேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். என் ஆர்டர் தாளில் முதல் கேள்வி குழந்தையின் பெயர். பெயர் கேட்ட இடத்தில் பத்து வரி எழுதி அனுப்புகிறார்கள். யார் வைத்த பெயர், எவ்வளவு எடை, மூக்கு யாரைப் போல, எல்லாம். வேறு யாரும் அவர்களிடம் கேட்டிருக்கவில்லை. எனக்கு வலித்ததெல்லாம் பாப்பாவைப் பற்றி யாரும் பேசாமல் இருந்த அந்த முதல் வருஷம்தான். இந்த மேசையில் உட்கார்ந்தால் வலிப்பதில்லை. 28 வாரம் முடிந்த பிறகு இறந்தே பிறந்த குழந்தைகள் உலகம் முழுவதும் 2021-ல் மட்டும் சுமார் 19 லட்சம் என்று ஐ.நா. கணக்கு சொல்கிறது. பாப்பாவுக்கு முன்பு அப்படி ஒரு அம்மாவைக்கூட நான் பார்த்ததில்லை என்று நினைத்திருந்தேன். பார்த்திருப்பேன். அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உன் கடிதத்தின் கடைசியில், எல்லா விசாரிப்பும் முடிந்த பிறகு, "எனக்கும் ஒன்று மூன்றாம் மாதத்தில் தங்காமல் போனது, அது பழைய கதை" என்று ஒற்றை வரி இருந்தது. நான் பதில் எழுதாமல் எடுத்து வைத்தது அந்த வரியாலும்தான். இத்தனை வருஷம் என்னிடம்கூடச் சொல்லவில்லையே நீ.

அப்போது எடுத்த ஸ்கேன் படம் வைத்திருக்கிறாயா? இருந்தால் இன்றைக்கே போனில் ஒரு படம் எடுத்துவிடு. அது பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சிட்டது, நாளாக ஆக மங்கிவிடும். பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேட் மட்டும் செய்துவிடாதே, அந்தச் சூட்டில் முழுதும் கறுத்துப்போகும். படம் இல்லையென்றாலும் பரவாயில்லை, தேதி நினைவிருக்கும் இல்லையா?

அந்தக் குழந்தைக்கு ஏதாவது பெயர் நினைத்து வைத்திருந்தாயா?

அன்புடன்,
உன் தோழி