என் கணவரின் இயலாமை ஓய்வூதிய மேல்முறையீட்டைப் பரிந்துரைத்து அனுப்பக் கோரும் மனு

அனுப்புநர்:
முன்னாள் படைவீரரின் மனைவி,
குலசேகரம் அருகே, திருவட்டார் வட்டம்,
கன்னியாகுமரி மாவட்டம்.
(பெயர், முகவரி, படை எண் இணைப்புத் தாளில் உள்ளன.)

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் மற்றும் மாவட்ட முப்படைவீரர் வாரியத் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாகர்கோவில்.

வழி: முன்னாள் படைவீரர் நல அலுவலகம், நாகர்கோவில்.

பொருள்: மனநோயால் வேலைக்குப் போக முடியாத என் கணவருக்கு இயலாமை ஓய்வூதியம் மறுக்கப்பட்டது – காலதாமதத்தைப் பொறுத்து மேல்முறையீட்டை ஏற்கவும், மறுபடி மருத்துவக் குழு கூட்டவும் பரிந்துரை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். மனுவை எழுதுவது நான். கையெழுத்துப் போட்டிருப்பது இருவரும். அவர் எழுதச் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை. கடைசித் தாளில் ஒப்பமிட்டுவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

என் கணவர் 1997இல் தரைப்படையின் இன்ஜினியர் பிரிவில் சாப்பராகச் சேர்ந்தார். 1741இல் டச்சுக்காரரைத் தோற்கடித்ததற்குக் குளச்சலில் தூண் நிற்கிற மாவட்டம் இது. ஊருக்கு ஊர் பட்டாளத்தார் வீடு ஒன்றாவது உண்டு. அந்தப் பழக்கத்தில்தான் இவரும் போனார். சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் உடம்பிலோ மனதிலோ ஒரு குறையும் எழுதப்படவில்லை. இந்த ஒரு வரியைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வருகிறேன்.

2001 டிசம்பர் 13 நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு ஆபரேஷன் பராக்கிரம் என்று படைகள் எல்லைக்குப் போனபோது இவரை ராஜஸ்தான் பக்கம் அனுப்பினார்கள். கண்ணிவெடி புதைப்பது சாப்பர்களின் வேலை. 2002 அக்டோபரில் படைகளைத் திரும்ப அழைக்க முடிவானதும், புதைத்ததைத் தோண்டி எடுப்பதும் அவர்கள் வேலையே. எங்கே புதைத்தோம் என்பதற்கு வரைபடம் இருக்குமாம். காற்றில் மணல் நகர்ந்துவிட்டால் வரைபடம் ஒன்று சொல்லும், மண் வேறொன்று சொல்லும். அப்போது மண்டியிட்டு, கம்பியைச் சாய்வாக மண்ணில் குத்திக் குத்தி, சாண் சாணாக நகர வேண்டும். அப்படி ஒரு காலையில் இவருக்கு ஆறேழு அடி முன்னால் இருந்த கூட்டாளிக்கு முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. தான் வந்த தடத்திலேயே காலை வைத்து வைத்து அவரைச் சுமந்து வந்தவர் என் கணவர்.

எங்களுக்குக் கல்யாணம் ஆனது 2004இல். இந்தச் சம்பவம் எனக்குத் தெரிந்தது 2019இல், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல டாக்டர் முன்னால் அவர் வாய் திறந்தபோது.

இடையில் 2006 முதல் 2008 வரை காஷ்மீரில், கிளர்ச்சி எதிர்ப்புப் படையான ராஷ்டிரிய ரைபிள்ஸில் இருந்தார். அதைப் பற்றி இன்றுவரை எதுவும் சொன்னதில்லை. ஆகவே நானும் எதுவும் எழுதவில்லை. பிறகு சண்டை இல்லாத ஊருக்கு மாற்றல் வந்தது. அங்கே 2010இல், ராத்திரி பாரக்கில் எழுந்து நின்று சத்தம் போட்டதற்காக முதல்முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மனநலத்துக்கான கேட்டகரியை, அதாவது மருத்துவத் தகுதி நிலையை, குறைத்தார்கள். 17 வருடம் முடிந்து 2014இல் வீட்டுக்கு வந்தார்.

வெளியே அனுப்பும்போது கூடிய மருத்துவக் குழு என்ன எழுதியது என்பது எங்களுக்குப் பல காலம் தெரியாது. 2023இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினோம். பதற்ற நோய், 30 சதவீதம், ஆயுள் முழுவதும் நீடிக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். சரி. அதற்கடுத்த கட்டத்தில், நோய் அமைதிப் பகுதியில் தொடங்கியது, எனவே பணியால் வந்ததும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல என்று ஒரே வரி. முந்தைய பதின்மூன்று வருடத்தில் அவர் எங்கெங்கே இருந்தார், என்ன வேலை பார்த்தார் என்ற பேச்சே அதில் இல்லை.

ஐயா, நோய் எங்கிருந்து வந்தது என்பதை என் வீட்டு முற்றத்தில் நின்றால் யாரும் பார்க்கலாம்.

வந்த புதிதில் அவர் ஒரு துணிக்கடையில் செக்யூரிட்டியாகப் போனார். தீபாவளி வியாபாரம் தொடங்கியதும் தெருவில் சரவெடி. பத்தொன்பதாவது நாள் வேலை போனது. அடுத்து ஏ.டி.எம். காவல். ராத்திரி வேலை என்பதால் தூங்காததும் தெரியாது என்று நினைத்தோம். பணம் எடுக்க வந்த ஒரு பையன் பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனை எடுத்துப் பேசப் போக, இவர் ரோட்டில் போன வண்டிகளையெல்லாம் மறித்து நிறுத்திவிட்டார். கடைசியாகச் சித்தப்பா மகனின் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டப் போனார். ஆள் சத்தம் இல்லாத வேலை, விடியுமுன்னே முடிந்துவிடும். ஏழு மாதம் நன்றாகத்தான் போனது. எனக்கும் நம்பிக்கை வந்தது.

மார்கழி பிறந்து மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கின. தரை தெரியாமல் சருகு மூடியது. அன்றிலிருந்து அவருக்குத் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியவில்லை. ஒரு கம்பை எடுத்துச் சாய்வாகக் குத்திக் குத்தி, ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போக அரை மணி நேரம். நான் கஞ்சி கொண்டு போனபோது தூரத்திலேயே கையைக் காட்டி, "பிள்ளே, அந்த எலயில காலு வைக்காத, நான் வந்த தடத்தில வா" என்றார். முந்நூறு மரத்தில் அன்று வெட்டியது நாலு. சித்தப்பா மகன் நல்லவர், ஒன்றும் சொல்லவில்லை. வேறு ஆளை வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் ஆசாரிப்பள்ளம் போனோம். பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். சம்பவம் நடந்து ஆறு மாதம் கழித்தோ, வருடங்கள் கழித்தோகூட இது முழுதாக வெளிப்படலாம் என்றார். பட்டாளத்தில் தூக்கம் வரவில்லை என்று வாய்விட்டுச் சொன்னால் கேட்டகரி குறையும், பதவி உயர்வு நிற்கும். எனவே முடிந்தமட்டும் மறைப்பார்கள் என்பது பட்டாளத்தார் வீடு எல்லாவற்றுக்கும் தெரியும். ஆகவே முதலில் ஆஸ்பத்திரிக்குப் போன ஊரும் நோய் பிறந்த ஊரும் ஒன்று என்று எப்படிச் சொல்ல முடியும்?

எனக்குச் சட்டம் தெரியாது. பக்கத்து ஊரில் ஓய்வு பெற்ற சுபேதார் அண்ணன் ஒருவர் விளக்கினார், பிளஸ் டூ படிக்கிற மகள் எழுதிக்கொண்டாள். தரம்வீர் சிங் வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சேரும்போது குறை எதுவும் எழுதப்படாவிட்டால் அவர் நல்ல உடல்நிலையில் சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும். பிறகு வந்த நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது, வீரருடையது அல்ல. காரணம் எழுதாமல் மருத்துவக் குழு முடிவு சொல்லக் கூடாது. முதலில் நான் நினைவில் வைக்கக் கேட்ட வரி இதற்குத்தான். ராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கான வழிகாட்டியும், சண்டைப் பகுதியிலோ கிளர்ச்சி எதிர்ப்புப் பகுதியிலோ தோன்றும் மனநோயைப் பணியால் வந்ததாக ஏற்கச் சொல்கிறது. 2023 செப்டம்பர் 21 முதல் வந்த புதிய தகுதி விதிகள் 2014இல் வெளியே வந்த இவருக்குப் பொருந்தா.

பண விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவருக்குச் சர்வீஸ் பென்ஷன் வருகிறது. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.ஸில் மாத்திரை கிடைக்கிறது. நாங்கள் பட்டினி இல்லை. ஆனால் அவரோடு வெளியே வந்தவர்கள் இரண்டாவது வேலை பார்த்து வீடு கட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்த இரண்டாவது சம்பளம் நான் அண்டி ஆபீஸில் முந்திரி உடைத்துக் கொண்டுவருவது. நூறு சதவீத இயலாமைக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. 30 சதவீத இயலாமைக்கு அது 9 சதவீதம் ஆகும். 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் வந்த தீர்ப்பின்படி, பணிக்காலம் முடிந்து வந்தவருக்கும் 30ஐ 50ஆகக் கணக்கிட வேண்டும். அப்படியானால் 15 சதவீதம். மகளின் படிப்புச் செலவுக்கு அது போதும்.

தாமதம் பற்றிச் சொல்ல வேண்டும். மறுப்புக் கடிதத்தில் ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று இருந்தது. அவர் அதைப் பிரிக்காமலே டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டார். அரசு முத்திரை போட்ட உறை எதையும் அவர் பிரிப்பதில்லை; கரண்டு பில்லையும் நான்தான் பிரிக்கிறேன். 2024இல் மேல்முறையீட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். காலம் கடந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்த நோய்க்காகப் பென்ஷன் கேட்கிறோமோ அந்த நோய்தான் காலம் கடத்தியது. மாதாமாதம் வர வேண்டிய ஓய்வூதியம் தொடர்ந்து மறுக்கப்படுகிற குறை என்பதால் தாமதத்தைக் காட்டித் தள்ள வேண்டியதில்லை, நிலுவையை மட்டும் மூன்று வருடத்துக்குள் அடக்கலாம் என்று தர்செம் சிங் வழக்கில் 2008இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த மூன்று வருடம் போதும், அதற்கு முந்தையதை நாங்கள் கேட்கவில்லை.

படை தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகலாம் என்றும் சொன்னார்கள். ஒரு ராத்திரி முழுக்க ரயிலில், அடைத்த பெட்டியில், முன்பின் தெரியாதவர்கள் நடுவில் அவரைக் கூட்டிப்போக எனக்குத் துணிவில்லை. அதனால்தான் முதலில் தங்களிடம் வருகிறேன்.

ஆகவே, வாரியத் தலைவர் என்ற முறையில் தாங்கள் தாமதத்தைப் பொறுத்து மேல்முறையீட்டை ஏற்கும்படி அவருடைய ஆவணக் காப்பு அலுவலகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் அனுப்ப வேண்டும். 2001 முதல் 2008 வரை அவர் இருந்த இடங்களின் பணிப் பதிவேட்டை மருத்துவக் குழு முன் வைக்கும்படி அதிலேயே கேட்க வேண்டும். அது இல்லாமல் குழு கூடினால் மறுபடியும் அந்த ஒரே வரிதான் வரும். குழு கூடுவது திருவனந்தபுரம் பாங்கோடு ராணுவ மருத்துவமனையாக இருந்தால் காலையில் போய் மாலையில் திரும்பிவிடுவோம். குழு முன்னால் நானும் இருக்க அனுமதி வேண்டும். கேட்டால் அவர் எனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். 2014இலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

மாநில அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்திருக்கிறோம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கிறது. மதிப்பீட்டு முகாமில் கூட்டமும் மைக்கும் இருக்கும். தனியாக ஒரு நாள் ஒதுக்கித் தந்தால் உதவியாக இருக்கும்.

இந்த மனுவில் சேராத ஒன்று. எங்கள் மலைப்பக்கத்துக் குவாரியில் வெடி வைக்கும் நேரம் யாருக்கும் தெரிவதில்லை. குவாரியை மூடச் சொல்லவில்லை. நேரத்தை முன்னாலேயே சொல்ல உத்தரவிட்டால், அந்தக் கால் மணி நேரம் நான் அவர் பக்கத்தில் இருந்துகொள்வேன்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவை நேரில் தருகிறேன். அவரும் வருவார். கூடத்துக்குள் வர மாட்டார். வாசல் பக்கம் சுவரோடு சாய்ந்து நிற்பார். தங்களுக்கு அவரைப் பார்க்க வேண்டுமென்றால் நான் போய்க் கூட்டி வருகிறேன்.

இணைப்பு: டிஸ்சார்ஜ் புக் நகல், பென்ஷன் ஆணை நகல், 2014 மருத்துவக் குழு அறிக்கை நகல், ஆசாரிப்பள்ளம் மருத்துவமனைச் சீட்டுகள், திருப்பி அனுப்பப்பட்ட மேல்முறையீடு உறையுடன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
(மனைவி – கையொப்பம்)
(முன்னாள் படைவீரர் – கையொப்பம்)