இடது சீட் காலியாக இருக்கிறது

கோவை,
ஞாயிறு இரவு

அன்பு மச்சான்,

எட்டு மாதமாக உன் போனை எடுக்காததற்கு முதலில் என்னைத் திட்டி முடித்துவிடு. முடித்தாயா? சரி. போனில் பேசினால் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் எடுக்கவில்லை. "கால்ல சின்ன அடி, ரெஸ்ட்ல இருக்கார்" என்று உன் தங்கச்சியை விட்டு மெசேஜ் அனுப்பச் சொன்னதும் நான்தான். அவள் மேல் கோபப்படாதே.

சின்ன அடி இல்லை மச்சான். இடது தொடை எலும்பில் ராடு வைத்திருக்கிறார்கள். இடது கணுக்கால் மூன்று துண்டானது, அதில் ஒரு பிளேட்டும் ஏழு ஸ்க்ரூவும். கேத்தனூர் காற்றாலைப் பக்கம் பைக்கில் ராலி பிராக்டிஸ் ஓட்டியபோது நடந்தது. நூறு தடவை ஓட்டிய மண் பாதைதான். முந்தின வாரம் பெய்த மழையில் ஓரம் அரித்துக்கொண்டு போயிருந்தது. வேலிக்காத்தான் நிழலில் அந்தப் பள்ளம் கண்ணுக்குத் தெரியவில்லை. விழுந்ததுகூட நினைவில்லை. தலைக்கு மேல் காற்றாடி சுற்றிய சத்தமும், அதன் நிழல் என் முகத்தில் விழுந்து விலகி விழுந்து விலகிப் போனதும் மட்டும் நினைவிருக்கிறது. ஆடு மேய்க்கிற ஒரு அம்மா வந்து துண்டை நனைத்து நெற்றியில் போட்டார். ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் "கண்ணு, தூங்கீராத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நடக்க ஆரம்பித்ததும் முதலில் அந்த ஊருக்குத்தான் போனேன். இன்னும் அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

மற்றபடி இங்கே எல்லாரும் நலம். பெரியவள் பத்தாவது. அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாஸ்டர் இன்னும் அதே ஒர்க் ஷாப், அதே ரேடியோ, அதே பேச்சுத்தான். தூத்துக்குடியில் உன் வேலை எப்படி? கப்பலை விட்டுக் கரைக்கு வந்தவன் தொப்பை போடுகிறான் என்று உன் ஸ்டேட்டஸ் பார்த்து உன் தங்கச்சி சொன்னாள். நம்பினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

பிசியோவில் ஒரு பரீட்சை உண்டு. சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொட வேண்டும். எவ்வளவு தள்ளி நின்று தொடுகிறாய் என்று தரையில் டேப் ஒட்டி அளப்பார்கள். வலது காலில் பதினொரு சென்டிமீட்டர். இடது காலில் இரண்டு. ஆறு மாதத்தில் அந்த இரண்டு மூன்றாகவில்லை. கணுக்கால் கீழே அழுத்தும், மேலே தூக்காது. "நடப்பீங்க, மாடி ஏறுவீங்க, இதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க" என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார்.

அது என்னவென்று உனக்குப் புரியும். கியரை ஏற்ற இடது கால் விரலால்தானே லிவரைத் தூக்க வேண்டும்? ஏழாவது மாதம் ஒரு விடியற்காலையில், வீட்டில் எல்லாரும் தூங்கும்போது, ஷெட்டுக்குப் போய்ப் பூட்ஸ் மாட்டி வண்டியில் உட்கார்ந்தேன். இன்ஜினைக்கூட ஸ்டார்ட் பண்ணவில்லை. வண்டியை முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே முதல் கியர், நியூட்ரல், இரண்டாவது என்று பார்த்தேன். விரல் தூக்கவில்லை. முட்டியோடு காலையே தூக்கித்தான் லிவரை மேலே தள்ள முடிந்தது. மண் பாதையில் ஃபுட்பெக் மேல் எழுந்து நின்றபடி யார் அப்படிக் கியர் மாற்ற முடியும்? நின்று ஓட்டினால் ஒவ்வொரு குலுக்கலும் கணுக்காலுக்குத்தானே வரும்? அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு உன் தங்கச்சி வந்தாள். ஒன்றும் பேசவில்லை. குனிந்து என் பூட்ஸ் பக்கிளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மச்சான், அன்றைக்கு அழுதேன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் முன்னால் அழுதது அன்றுதான்.

2021 ஜனவரி முதல் பத்து நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சவுதியில் டக்கார் ராலி நடக்கிறது, பைக்கும் காரும் பாலைவனத்தில் நாள்கணக்கில் ஓடுகிற அந்தப் பந்தயம். நம்ம பெங்களூரு சி.எஸ். சந்தோஷ், 2015-இல் டக்காரை ஓட்டி முடித்த முதல் இந்தியர், நாலாவது ஸ்டேஜில் விழுந்துவிட்டார், ரியாத்தில் கோமாவில் வைத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. நீ எந்தக் கடலிலோ இருந்தாய், சிக்னல் கிடைத்தபோதெல்லாம் "என்னடா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். அவர் பிழைத்து வந்தார். அதே வாரம், ஜனவரி 10, பழைய டக்கார் வீரர் ஹ்யூபர்ட் ஓரியோல் இறந்துபோனார். அப்போது அவர் பெயர் நம் இரண்டு பேருக்குமே பழைய போஸ்டர் மாதிரித்தான். கட்டிலில் கிடந்த மாதங்களில் அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

அடிஸ் அபாபாவில் பிறந்த பிரெஞ்சுக்காரர். 1981, 1983 இரண்டு முறையும் பி.எம்.டபிள்யூ பைக்கில் டக்கார் ஜெயித்தவர். 1987-இல் கஜீவா வண்டி. சிரில் நெவ்யூ ஹோண்டாவில் விடாமல் துரத்துகிறார், ஓரியோல் முன்னிலையில் இருக்கிறார். அப்போதெல்லாம் ராலி முடிகிற இடம் செனகலின் டக்கார் நகரம், அங்கே போய்ச் சேர ஒரே ஒரு நாள்தான் பாக்கி. செனகலில் ஒரு மரக்கட்டையில் இடித்து இரண்டு கணுக்காலும் உடைகிறது. இரண்டும், மச்சான். அப்படியே வண்டியில் ஏறி ஸ்டேஜ் முடிகிற இடம் வரைக்கும் ஓட்டியிருக்கிறார். அங்கே வண்டியிலிருந்து இறக்கிவிட ஆள் வேண்டியிருந்தது. அவர் அழுகிற படத்தைப் பார்த்திருப்பாய். அந்த வருஷம் ஜெயித்தது நெவ்யூ.

முன்பு அந்தக் கதையை எல்லாரிடமும் வீரக்கதை மாதிரிச் சொல்வேன். இப்போது அதைப் படித்தால் என் கணுக்கால் வலிக்கிறது. ஒவ்வொரு குலுக்கலையும் எண்ணிப் பார்க்கிறேன்.

எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்குப் பிறகு நடந்தது. அவர் காருக்கு மாறினார். 1992-இல் ராலி பாரிஸிலிருந்து கேப் டவுன் வரை, 12,000 கிலோமீட்டருக்கு மேல். மிட்சுபிஷி பஜேரோவில் ஓரியோல் ஜெயித்தார். பைக், கார் இரண்டிலும் டக்கார் ஜெயித்த முதல் ஆள் அவர்தான். பிறகுதான் பீட்டர்ஹான்செல் வந்து பைக்கில் ஆறு, காரில் எட்டு என்று அடுக்கினார். அப்புறம் நானி ரோமா. கார் என்பது ஓய்வு பெற்றவனின் வண்டி என்று ஒர்க் ஷாப்பில் உட்கார்ந்து எத்தனை வருஷம் பேசியிருக்கிறோம்! அந்தப் பேச்சு தப்பு மச்சான். அதை இப்போது மனசாரச் சொல்கிறேன்.

இசிட்ரே எஸ்டேவே பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்பெயின்காரர். 2007-இல் பைக்கில் விழுந்து தண்டுவடம் போய்விட்டது, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. 2009-இல், டக்கார் முதல் தடவையாகத் தென் அமெரிக்காவில் நடந்தபோது, காரில் வந்து நின்றார். ஆக்ஸிலரேட்டர், பிரேக் எல்லாம் கையாலேயே. உணர்வில்லாதவர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் புண் வந்துவிடும். அதைத் தடுக்க ஒரு தனி மெத்தையையே உருவாக்க உழைத்தார். எனக்கு இரண்டு காலும் இருக்கிறது, இடது கால் கிளட்சை அழுத்துகிறது. கிளட்ச்சுக்கு அழுத்தினால் போதும், தூக்க வேண்டியதில்லை. இதை யோசித்த அன்றைக்குத்தான் எழுந்து குளித்துவிட்டு ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

மாஸ்டர் ஒரு பழைய ஜிப்சி பிடித்துக் கொடுத்தார். வண்டி உருண்டால் ஆளைக் காக்கிற இரும்புக் கூண்டை, ரோல் கேஜை, அவரே வெல்டிங் பண்ணினார். "இனி வண்டியே வேண்டாம் சாமி" என்று அம்மா ஒரு வாரம் பேசவில்லை. கேஜ் பைப்பைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது வளையாதுங்களா?" என்று மாஸ்டரிடம் நாலு தடவை கேட்டார். அதற்கப்புறம்தான் எனக்கு டீ வந்தது.

போன மாதம் அதே கேத்தனூரில் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுமே பழகினபடி இல்லை. பைக்கில் எழுந்து நின்றால் மேட்டுக்கு அந்தப் பக்கம் கொஞ்சமாவது தெரியும். காரில் பள்ளத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, வளைவு வரும் இடத்தில் முன் கண்ணாடியின் ஓரத் தூண் சரியாகக் குறுக்கே நிற்கிறது. முட்டியால் டேங்கை இறுக்கி வண்டியைத் திருப்பியவனை பெல்ட் போட்டுக் கட்டிவிட்டால் உடம்பு என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கிறது. பழைய ஞாபகத்தில் இரண்டு கல்லுக்கு நடுவே நுழைந்தேன். பைக் போகும் இடைவெளி அது. இடது முன் டயர் கிழிந்தது.

ஆனால் இதெல்லாம் பழகிவிடும். பழகாதது ஒன்றே ஒன்று. பைக்கில் வழி சொல்கிற ரோட்புக்கும் நான்தான் படிப்பேன், முடிவும் நான்தான் எடுப்பேன். காரில் பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்து "மேட்டுக்கு அப்புறம் இடது, நம்பிப் போ" என்றால், கண்ணுக்குத் தெரியாத மேட்டை அவன் குரலை நம்பி முழு வேகத்தில் தாண்ட வேண்டும். இரண்டு பேரை உட்கார வைத்துப் பார்த்தேன். நல்ல பசங்க, தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு மேட்டுக்கும் என் கால் பிரேக்குக்குப் போகிறது. அந்தப் பள்ளம் இன்னும் எனக்குள் இருக்கிறது மச்சான். உன் தங்கச்சியிடம்கூட இதைச் சொல்லவில்லை.

1992-இல் ஓரியோலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னது யார் தெரியுமா? ஃபிலிப் மொன்னே. தனியாகப் பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றிய மாலுமி. அதைப் படித்ததும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பதினாலு வருஷம் கப்பல் சார்ட் பார்த்தவன், ராத்திரி வாட்ச்சில் தூங்காமல் நின்றவன், ஒரு ஆளை எனக்குத் தெரியும். காலேஜில் கடன் வாங்கிய மாருதி 800-இல் என் பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்தவனும் அவன்தான். பல்லடம் விஷயத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு நீ "நேரா போ" என்றதும் நான் யோசிக்காமல் போனேன் இல்லையா? அதுதான் எனக்கு இப்போது வேண்டும்.

வருஷத்துக்கு மூன்று வார லீவ் உனக்கு இருக்கிறது. முதலில் ஒரு டி.எஸ்.டி. ராலி, சொன்ன நேரத்தில் சொன்ன வேகத்தில் போகிற ராலி, சும்மா கை பழக. அப்புறம் பார்க்கலாம். உன் வீட்டுக்காரியிடம் நீயே பேசாதே, நான் அங்கே வந்து நேரில் பேசுகிறேன். முடியாது என்றால் முடியாது என்று எழுது, எனக்கு வருத்தம் இருக்கும், கோபம் இருக்காது.

முடியும் என்றால் ஒரு வேலை செய். வீட்டில் தையல் டேப் இருக்கும். புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்து, காதுக்கு மேலாக, பின்தலையின் பெரிய இடத்தைச் சுற்றி அள. முடியைச் சேர்த்து இறுக்காதே. அந்த அளவை அனுப்பு, ஹெல்மெட் ஆர்டர் போட வேண்டும்.

உன்
மச்சான்