இரண்டு அலைவரிசைகளைத் திறந்தால் வேகம் பாதியாகும் டிஜிட்டைசர் அட்டை: மாற்றித் தரக் கோரல்

யாழ்ப்பாணம்

விற்பனை முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

கடந்த மாதம் உங்களிடம் வாங்கிய டிஜிட்டைசர் அட்டை, அதாவது மின் சமிக்ஞையை எண்களாக மாற்றிக் கணினிக்குத் தரும் அட்டை, பற்றி எழுதுகிறேன். அட்டையில் பழுதில்லை. விற்ற விதத்தில்தான் பழுது.

கோப்பாய்ப் பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் பூச்சிகொல்லி எச்சம் பார்ப்பது எங்கள் ஆய்வுகூடத்தின் வேலை. அயன்கள் (மின்னேற்றம் பெற்ற மூலக்கூறுகள்) பறந்து வர எடுக்கும் நேரத்தைக் கொண்டு அவற்றின் திணிவைக் காணும் பறப்புநேரத் திணிவு நிறமாலைமானிக்குப் புதிய அட்டை தேவைப்பட்டது. வலுத்த சமிக்ஞை ஓர் அலைவரிசையிலும் (சமிக்ஞை உள்நுழையும் வழி) நலிந்தது மற்றதிலும் ஒரே நேரத்தில் பதிவாக வேண்டும் என்று விலை கேட்ட மின்னஞ்சலிலேயே சொல்லியிருந்தோம். "செக்கனுக்கு 200 கோடி சாம்பிள், 12 பிட், இரண்டு அலைவரிசை" என்று பதில் வந்தது. சாம்பிள் என்பது சமிக்ஞையை ஒரு முறை அளந்து எடுக்கும் புள்ளி; பிட் எண்ணிக்கை அந்த அளவின் நுணுக்கம். இரண்டையும் திறந்தால் ஒவ்வொன்றுக்கும் 100 கோடிதான் என்பதைக் கையேட்டின் அடிக்குறிப்பில் நாங்களே கண்டுபிடித்தோம்.

அயன்கள் வந்து மோதும்போது எங்கள் உணரி தரும் துடிப்பின் அகலம் ஏறத்தாழ ஒன்றரை நனோ செக்கன். முழு வேகத்தில் அதற்கு மூன்று புள்ளிகள் விழும். இப்போது ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அலைவடிவத்தைத் திரையில் காட்டும் ஒசிலோஸ்கோப்பில் வழுவழுவென்று ஏறி இறங்கும் முகடு உங்கள் அட்டையில் கிழிந்த கூடாரம்போல் நிற்கிறது. அதன் உச்சி எங்கே என்று நான் குறிப்பது? 40 மைக்ரோ செக்கன் பறப்பில் அரை நனோ செக்கன் பிசகினால் திணிவில் பத்து இலட்சத்துக்கு 25 பங்கு பிழை. அந்த அளவு பிழையோடு ஒரு விவசாயியின் கிணற்று நீரில் இன்ன மருந்து இருக்கிறது என்று நான் கையொப்பமிட மாட்டேன்.

"மென்பொருளில் வளைகோடு பொருத்திக்கொள்ளுங்கள்" என்றார் உங்கள் பொறியியலாளர். சட்டியில் இருந்தால்தானே ஐயா அகப்பையில் வரும்!

இன்னொன்று. எங்கள் துடிப்புகள் பூச்சியத்துக்குக் கீழே, மறைப் பக்கத்தில் மட்டுமே வருபவை. அடிக்கோட்டை (துடிப்பு இல்லாதபோது சமிக்ஞை நிற்கும் மட்டத்தை) மேலே நகர்த்தும் வசதி இந்த அட்டையில் இல்லாததால் அளவு வீச்சின் பாதி வெறுமனே கிடக்கிறது. வீச்சில் பாதி போனால் ஒரு பிட் போனதுபோல்; 12 பிட்டுக்குக் காசு கொடுத்து 11 பிட்டைத்தான் பாவிக்க முடிந்தது.

இரண்டு அலைவரிசைகளிலும் ஒரே நேரத்தில் 200 கோடி தரும், அடிக்கோட்டை நகர்த்தக்கூடிய அட்டையை 14 நாட்களுக்குள் அனுப்புங்கள். விலை வித்தியாசம் நியாயமானதென்றால் செலுத்துவோம். முடியாவிட்டால் முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். அட்டையைக் கழற்றி அதன் உறையிலேயே பத்திரமாக வைத்திருக்கிறோம். ஏ9 வீதியால் அதைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது. மின்னஞ்சல்களின் பிரதிகளும் பற்றுச்சீட்டும் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
ஆய்வுகூடப் பொறுப்பாளர்