முகவரி இல்லாத பொம்மைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பிள்ளைகளுக்கு வீட்டில் ஒழுங்கு பழக்குவது பற்றிச் சென்ற இதழில் தாய்மார்களுக்குக் குறிப்புகள் தந்திருந்தீர்கள். பொம்மையை எடுத்து வைத்தால் நட்சத்திர ஸ்டிக்கர், வைக்காவிட்டால் அன்றைக்கு டிவி கிடையாது என்று இருந்தது. நாலரை வயதுப் பேரனோடு பகல் முழுக்க மல்லுக்கட்டுகிறவன் நான். அதனால் எழுதுகிறேன்.

ஸ்டிக்கரை நாங்களும் ஒட்டிப் பார்த்தோம். முதல் வாரம் நன்றாகத்தான் போனது. இரண்டாம் வாரமே, "இதை எடுத்து வெச்சா எத்தனை ஸ்டார்?" என்று பேரம் ஆரம்பித்துவிட்டது. மூன்றாம் வாரம் அட்டையோடு அதைப் பரணில் போட்டோம்.

நான் ஆர்.எம்.எஸ். என்கிற ரயில்வே தபால் பிரிவில் 34 வருஷம் சார்ட்டராக இருந்தவன். ராத்திரி வண்டியில் ஆடிக்கொண்டே நின்று கடிதம் பிரிப்போம். எதிரே புறாக்கூடு மாதிரி வரிசையாக அறைகள், ஊருக்கு ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்தபோது பின்கோடு வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது (1972 ஆகஸ்ட் 15-இல் வந்தது). முதல் எண் 6 என்றால் நம் பக்கத்துத் தபால். அடுத்த இரண்டு எண்ணையும் பார்த்துவிட்டால் கை தானாக அந்த அறைக்குப் போய்விடும். இதற்குப் பெரிய மூளை எல்லாம் வேண்டாம், அறை இருந்தால் போதும். முகவரி புரியாமல், அனுப்பியவருக்கும் திருப்ப முடியாமல் நிற்கும் கடிதங்கள் கடைசியில் ஆர்.எல்.ஓ. என்ற அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்.

எங்கள் வீட்டிலும் ஓர் ஆர்.எல்.ஓ. இருந்தது. ஹாலில் இருந்த பெரிய பிளாஸ்டிக் கூடைதான் அது. பேரனின் கார், பிளாக்ஸ், கலர் பென்சில், கை ஒடிந்த அனுமார் எல்லாம் அதற்குள். ஒரு கார் வேண்டுமென்றால் மொத்தத்தையும் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்த பிறகு நாம் போய் "எடுத்து வைடா" என்றால் எங்கே வைப்பான்?

கூடையை ஒழித்தோம். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த என் பழைய பஞ்சாங்கங்களை (மனசே இல்லாமல்) அப்புறப்படுத்தினேன். முறுக்கு டப்பாவில் பிளாக்ஸ், ஸ்வீட் கடை அட்டைப்பெட்டியில் கார் என்று பிரித்து வைத்தோம். அவனுக்கு இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாது. அதனால் காரைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, அந்தப் படத்தைப் பெட்டியில் ஒட்டினோம். பாதி சாமான் பரணுக்குப் போய்விட்டது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றி இறக்குவேன். அப்புறம் ஆணி. எங்கள் வீட்டில் பை மாட்டும் ஆணியெல்லாம் ஐந்தடி உயரத்தில், அவனோ மூன்றரை அடி கூட இல்லை. அவன் நெஞ்சு உயரத்துக்கு ஒன்று அடித்துக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து ஸ்கூல் பை தரையில் கிடப்பதில்லை.

ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி மருமகளிடம் பெருமையடித்தேன். அவள் மாண்டிசோரி பள்ளி டீச்சர். "மாமா, இதெல்லாம் அந்தம்மா அப்பவே சொல்லிட்டாங்க" என்று சிரித்தாள். அந்தக் கல்விமுறையை உருவாக்கிய மாண்டிசோரி அம்மையார் 1939-இல் நம் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறாராம். குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில் திறந்த அலமாரி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், எடுத்ததைத் திரும்ப வைத்த பிறகுதான் அடுத்தது. இதுதான் அவர் முறை. சரி, தாமதமாகவாவது வந்து சேர்ந்தேன்.

எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்லவில்லை. சாக்ஸ் இன்னும் சோபாவுக்கு அடியில்தான். தூக்கம் வந்துவிட்டால் எந்தப் படத்தையும் அவன் பார்ப்பதில்லை. அன்றைக்கு நானும் கூட உட்கார்ந்து, காரையெல்லாம் அவன், பிளாக்ஸையெல்லாம் நான் என்று பொறுக்குகிறோம். முட்டிதான் வலிக்கிறது.

இன்னொன்று. குறிப்புகள் அத்தனையும் 'தாய்மார்களே' என்றுதான் இருந்தன. எங்கள் வீட்டில் ஆபீஸிலிருந்து வந்ததும் ஹெல்மெட்டைச் சாப்பாட்டு மேஜையில் வைக்கிறவன் என் மகன். போன வாரம் பேரன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தாத்தா, அப்பா ஹெல்மெட்டுக்குப் படமே ஒட்டலையே" என்றான். வரைந்து செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே ஒட்டியிருக்கிறோம். என் மகன் இன்னும் அதைக் கவனிக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்.எம்.எஸ். சார்ட்டர் ஒருவர்,
குரோம்பேட்டை.