பள்ளிக்குத் தண்ணீர் வேண்டி மாவட்டக் கல்வி அதிகாரிக்குக் கோரிக்கை மனு

பெறுநர்:
மாவட்டக் கல்வி அதிகாரி அவர்கள்,
மாவட்டக் கல்வி அலுவலகம்.

அனுப்புநர்:
பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும், தோட்டப்புற, தாமான் (குடியிருப்பு) பெற்றோரும்.

பொருள்: நமது தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் புதிய தண்ணீர்க் குழாய், கீழ்நிலைத் தொட்டி, பம்புகள் அமைத்துத் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருள் பற்றி மலாயில் எழுதிய எங்கள் கடிதங்கள் தங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கின்றன. அவற்றுக்கு இதுவரை பதில் இல்லை. இந்த மனுவைத் தமிழிலும் எழுதுகிறோம். கையெழுத்துப் போடும் பெற்றோர் ஒவ்வொருவரும் படித்துப் பார்த்துப் போட வேண்டும் என்பதே காரணம். தங்களுக்கு அனுப்பும் உறையில் மலாய்ப் பிரதியும் உண்டு.

பள்ளி எங்கே இருக்கிறது என்று தங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. மாரியம்மன் கோயிலைத் தாண்டி, பழைய ரப்பர் ஆலைக்கு எதிர்மேட்டில் இருக்கிறது. அந்த மேடுதான் பிரச்சினையின் பாதி. மீதிப் பாதி குழாயில் இருக்கிறது. கீழே விவரமாக எழுதியிருக்கிறோம்.

1. பள்ளியின் நிலை. சுற்றுவட்டாரத் தமிழ்ப்பள்ளிகளிலிருந்தும் தேசியப்பள்ளிகளிலிருந்தும் வரும் ஏறக்குறைய 620 மாணவர்கள் இங்கே படிக்கிறார்கள். பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்த பிறகு, லயத்தில் (தோட்ட வரிசை வீடுகளில்) வாழும் பெற்றோர் பலர் தொழிற்சாலைக்கும் பாதுகாவலர் வேலைக்கும் போகிறார்கள். பிள்ளைக்குத் தனியார் டியூஷன் வைக்கும் வசதி பெரும்பாலோருக்குக் கிடையாது. பள்ளி என்ன கொடுக்கிறதோ அதுதான் அவர்களுக்குக் கிடைக்கும் கல்வி.

2. பள்ளி சும்மா இருக்கவில்லை. முதல்வரும் ஆசிரியர்களும் ஒரு மேம்பாட்டுத் திட்டம் வைத்திருக்கிறார்கள், நல்ல திட்டம். ஆறாம் ஆண்டுத் தேர்வான யுபிஎஸ்ஆர் 2021-இலும் மூன்றாம் படிவத் தேர்வான பிடி3 2022-இலும் ரத்தான பிறகு, பதினோரு ஆண்டுப் படிப்பின் முடிவில், ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்பிஎம்தான் முக்கியப் பொதுத்தேர்வு. அதில் மலாயும் வரலாறும் தேறாவிட்டால் மற்ற பாடங்களில் எத்தனை ஏ எடுத்தாலும் சான்றிதழ் இல்லை. ஆகவே, புகுமுக வகுப்பிலிருந்து (தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் முதல் படிவத்துக்கு முன் மலாய் கற்கும் ஓராண்டு வகுப்பு) வந்து மலாயில் தடுமாறும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு பாடத்திலும் மதியம் 2:30-க்கு மேல் கூடுதல் வகுப்பு. தமிழ் வகுப்பும் பாட அட்டவணையில் இடமில்லாமல் அதே மதிய நேரத்தில்தான் நடக்கிறது. 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். நாங்கள் கேட்டோம், வகுப்பும் வந்தது. அதற்கு நன்றி. புதன்கிழமை புறப்பாட நடவடிக்கை, நான்காம் ஐந்தாம் படிவத்துக்கு ஆய்வுக்கூடச் செய்முறைப் பயிற்சி எல்லாம் அந்தத் திட்டத்தில் உண்டு.

இவை எல்லாமே காலை பத்து மணிக்குப் பிறகு தண்ணீர் இருந்தால்தான் நடக்கும். பத்து மணிக்குப் பள்ளியில் தண்ணீர் தீர்ந்துவிடுகிறது.

3. ஏன் தீர்கிறது. இதைத் தங்கள் அலுவலகத்துப் பொறியியல் பிரிவு சரிபார்த்துக்கொள்ளலாம்.

அ) சாலையோர மீட்டரிலிருந்து கூரைத் தொட்டி வரை சுமார் 20 மீட்டர் ஏற்றம். தண்ணீர் 10 மீட்டர் மேலேற ஒரு பார் அழுத்தம் செலவாகும். ஆக, இரண்டு பார் இருந்தால்தான் தண்ணீர் தொட்டியின் வாய்க்கே எட்டும். கீழே புதிய தாமான்கள் வந்த பிறகு, காலை ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை எல்லா வீட்டிலும் குழாய் திறந்திருக்கிறது. அந்த நேரத்தில் மேட்டுக்கு அழுத்தம் எட்டுவதில்லை. இரவு 11-லிருந்து விடியற்காலை 5 வரைதான் தொட்டிகள் நிரம்புகின்றன.

ஆ) மீட்டரிலிருந்து வரும் குழாய் பழைய ஒரு அங்குல இரும்புக் குழாய், நீளம் 180 மீட்டர். சென்ற முறை வெடித்த இடத்தில் அறுத்தெடுத்த துண்டு பள்ளி அலுவலகத்தில் இருக்கிறது. உள்ளே துரு கட்டிக் கட்டி, சுண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் வழி மிஞ்சியிருக்கிறது. துவாரத்தின் விட்டம் பாதியானால், அதே அழுத்தத்தில் ஓடும் தண்ணீர் நாலில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். காலையில் முதலில் திறக்கும் குழாயில் டீ நிறத்தில் தண்ணீர் வருவதும் இந்தத் துருவால்தான்.

இ) கூரையில் 600 காலன் தொட்டி நான்கு. இரண்டின் அடியில் இருந்த இரும்புத் தட்டு துருப்பிடித்துத் தொய்ந்தது. தாங்கல் போனதும் தொட்டியின் அடி விரிசல் விட்டது. நல்ல தொட்டி இரண்டில் இருப்பது மொத்தம் 5,450 லிட்டர். பகல்நேரப் பள்ளிக்குத் தலைக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று கணக்கிடுவது வழக்கம். 620 பேருக்கு 31,000 லிட்டர் வேண்டும். எங்கள் பிள்ளைக்குக் கிடைப்பது 9 லிட்டருக்கும் குறைவு. பழைய கழிவறைச் சிஸ்டர்னை ஒருமுறை இழுத்தாலே 9 லிட்டர் போய்விடும், ஐயா.

ஈ) பம்பு ஒன்று இருந்தது. கீழே 400 காலன் தொட்டி, அதாவது 1,818 லிட்டர். நிமிடத்துக்கு 100 லிட்டர் இழுக்கும் பம்பு அதை 18 நிமிடத்தில் காலி செய்துவிடும். தொட்டி வற்றினால் பம்பை நிறுத்தும் மிதவை சுவிட்சு பொருத்தவே இல்லை. தண்ணீர் இல்லாமல் ஓடி, சூட்டில் சீல் கருகிப்போனது. சங்கக் காசில் சீல் மாற்றினோம், அதே காரணத்தால் மறுபடியும் கருகியது. சுவிட்சும் பெரிய தொட்டியும் இல்லாமல் இன்னொரு பம்பு வாங்கிக் கொடுத்தாலும் இதே கதிதான்.

4. பெண்பிள்ளைகளின் கழிவறை. இதைத்தான் நாங்கள் முக்கியமாக எழுத வந்தோம்.

பள்ளியில் பெண்பிள்ளைகள் முந்நூறு பேர் இருப்பார்கள். 12 கழிவறைகளில் திறந்திருப்பவை 4, எல்லாம் தரைத்தளத்தில். மேல்மாடியில் இருப்பவை தொட்டிக்கு நேர் கீழே இருப்பதால் அங்கே அழுத்தம் குறைவு. கீழே ஒரு குழாயைத் திறந்தால் மேலே காற்றுதான் வரும். ஆகையால் பூட்டு. இடைவேளை 20 நிமிடம். ஒருவருக்கு 3 நிமிடம் என்று வைத்தாலும் நான்கு கழிவறையில் 24 பேர்தான் போய்வர முடியும். மற்றவர்கள்? அடுத்த பாடத்தின் நடுவில் அனுமதி கேட்டுப் போனால், அதற்குள் தண்ணீர் தீர்ந்திருக்கும்.

அதனால் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன போத்தல் நிறைந்தபடியே திரும்பி வருகிறது. வெயிலில் மேடேறி வரும் பிள்ளை, மதியம் வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சிறுநீர்த் தொற்று இப்படித்தான் வரும். எந்தக் கிளினிக்கில் கேட்டாலும் சொல்வார்கள். மாதவிலக்கு நாட்களில் பல பிள்ளைகள் பள்ளிக்கே வருவதில்லை. துணி மாற்ற, கை கழுவ, கறைபட்ட சீருடையை அலச எதற்கும் தண்ணீர் இல்லை. வராத நாளுக்கு வகுப்பாசிரியர் காரணம் கேட்டால், ஆண் ஆசிரியரிடம் அந்தப் பிள்ளை என்ன சொல்லும்? ‘காய்ச்சல்’ என்று எழுதிக் கொடுக்கிறோம். வருகைப் பதிவேட்டில் காய்ச்சல் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, வருகை குறைவு என்று பள்ளிக்குக் கடிதம் அனுப்புகிறீர்கள். அந்தக் கடிதம் மட்டும் தவறாமல் வந்துசேர்கிறது.

மதியக் கூடுதல் வகுப்புக்கு ஆண்பிள்ளைகள் இருக்கிறார்கள், பெண்பிள்ளைகள் 2:30 பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். அவர்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். எட்டு மணி நேரம் கழிவறைக்குப் போகாமல் எந்தப் பெரியவராவது அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பாரா?

5. ஆய்வுக்கூடம். எஸ்பிஎம் அறிவியல் பாடங்களுக்குச் செய்முறைத் தேர்வு உண்டு. கண்ணாடிக் குழாய்களைக் கழுவத் தண்ணீரில்லாமல் ஒரு தொகுதி பாத்திரத்தில் ஒரு வகுப்புதான் பயிற்சி செய்கிறது. அது ஒருபுறம் இருக்கட்டும். ஆசிட் கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். பதினொரு மணிக்குத் தெறித்தால் எந்தக் குழாயைத் திறப்பது? ஒன்றும் நடப்பதற்கு முன்னால் கேட்கிறோம்.

6. ‘தோம்களில் (பெரிய பீப்பாய்களில்) தண்ணீர் பிடித்து வையுங்கள்’ என்று வாய்மொழியாக ஆலோசனை சொன்னார்கள். வைத்தோம். மூடியில்லாத தோம் ஏடிஸ் கொசுவுக்கு வசதி. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும், பள்ளி விடுமுறையே அவ்வளவு. கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் 1975-ஆம் ஆண்டு நோய்ப்பூச்சி ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அபராதம். தண்ணீர் இல்லை என்று அழுகிறவனிடம் தேக்கி வைத்ததற்கு அபராதமா? தோம்களை வெள்ளிக்கிழமைதோறும் கவிழ்த்துத் தேய்த்து வைக்கிறோம். கோத்தோங் ரோயோங்குக்கு (கூட்டுத் துப்புரவுப் பணிக்கு) வரும் பெற்றோரின் நேரம் பாதி இதிலேயே போகிறது.

7. கழிவறைச் சீரமைப்பு ஏற்கெனவே நடந்ததே என்பீர்கள். நடந்தது. 2023-இல் நாடு முழுவதும் பள்ளிக் கழிவறைகளுக்கு அமைச்சு ஒதுக்கீடு செய்தது நல்ல காரியம். இங்கே வந்த குத்தகையாளர் தரைக்கு டைல்ஸ் போட்டார், சுவருக்குச் சாயம் அடித்தார், குழாய்முனைகளை மாற்றினார். மீட்டரிலிருந்து வரும் குழாயைத் தொடவில்லை. வேலைப் பட்டியலில் அது இல்லையாம். புது டைல்ஸ் போட்ட கழிவறைக்குப் புதுப் பூட்டு. படம் எடுத்து அறிக்கையில் சேர்த்துவிட்டார்கள்.

8. கேட்பது இவ்வளவுதான்:

அ) 180 மீட்டருக்கும் 2 அங்குல எச்டிபிஇ பிளாஸ்டிக் குழாய், அதற்கேற்ற மீட்டர். துருப்பிடிக்காது. இரவு ஆறு மணி நேரத்தில் 34,000 லிட்டர் உள்ளே வர இந்த அளவு போதும்.

ஆ) தரையில் 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரத்தில் பலகைத் தொட்டி (பேனல்களை இணைத்துக் கட்டுவது). மேலே 30 சென்டிமீட்டர் விட்டு நிரப்பினால் 34,000 லிட்டர் நிற்கும். ஒரு நாள் தேவைக்கு இது சரி. 40 டன் தாங்கும் கான்கிரீட் தளம் வேண்டும். கைப்பந்துத் திடலுக்குப் பின்னால், மேட்டை வெட்டிச் சமமாக்கிய கெட்டி மண்ணில் இடம் இருக்கிறது. கொட்டி நிரப்பிய மண்ணில் போட்டால் தளம் இறங்கி, தொட்டியின் இணைப்புகள் விட்டுவிடும்.

இ) மாறி மாறி ஓடும் இரண்டு பம்புகள். ஒன்று கெட்டால் மற்றது ஓடும். கீழ்த்தொட்டி வற்றினால் நிறுத்தும் சுவிட்சு, கூரைத்தொட்டி நிரம்பினால் நிறுத்தும் சுவிட்சு, தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஒருவழி வால்வு மூன்றும் கட்டாயம். இந்தச் சுவிட்சைச் செலவு மிச்சம் என்று வேலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

ஈ) விரிசல் விட்ட இரண்டு கூரைத்தொட்டிகளையும் அவற்றின் தாங்கலையும் மாற்றுவது. மேல்மாடிக் கழிவறைகளுக்குத் தொட்டியிலிருந்து தனிக்குழாய்.

உ) இவை முடியும்வரை, பள்ளி நாட்களில் காலை 9 மணிக்குத் தண்ணீர் லோரி.

தளத்தைச் சுற்றிச் சாக்கடை வெட்டுவது, பம்பறைக்குச் சாயம், வேலி இவற்றைப் பெற்றோரே செய்து தருகிறோம். குழாயும் தொட்டியும் அரசாங்கச் சொத்து. அதில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் கைவைக்க முடியாது, அந்த அளவுக்குச் சங்கத்தில் பணமும் கிடையாது.

9. ஐயா, 2013–2025 மலேசியக் கல்வி மேம்பாட்டுத் திட்டத்தின் முதல் மாற்றமே எல்லாருக்கும் சமமான, தரமான கல்வி என்பதாகத்தான் இருந்தது. பள்ளி வாசலில் அமைச்சின் தொலைநோக்கு பெரிய எழுத்தில் இருக்கிறது. அதைப் படித்துக்கொண்டே உள்ளே போகும் பிள்ளைக்குக் கை கழுவத் தண்ணீர் இல்லை. நாங்கள் புதுக் கட்டடம் கேட்கவில்லை, கணினிக்கூடம் கேட்கவில்லை, மண்டபம் கேட்கவில்லை. தண்ணீர் கேட்கிறோம்.

தயவுசெய்து பொதுப்பணி இலாகாவையும் நீர் விநியோகப் பிரிவையும் அழைத்துக்கொண்டு ஒரு நாள் நேரில் வாருங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காலை எட்டு மணிக்கு வந்தால் எல்லாக் குழாயிலும் தண்ணீர் வரும், திருப்தியாகப் போய்விடுவீர்கள். பத்தே முக்காலுக்கு வாருங்கள். பெண்கள் கழிவறைக் குழாயைத் தாங்களே திறந்து பாருங்கள்.

கூட்டுப் பார்வைக்கான தேதியை எழுத்தில் தருமாறும், அடுத்த பள்ளித்தவணைக்குள் குழாய் வேலையையாவது தொடங்குமாறும் மீண்டும் கேட்டுக்கொள்கிறோம். ‘கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது’ என்ற பதில் வேண்டாம். தேதி வேண்டும். பிள்ளைகளுக்குத் தண்ணீர் வேண்டும்.

நன்றி.

இப்படிக்கு,
பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையினர்,
பெற்றோர்கள் (கையெழுத்துகள் தனித்தாளில்)

இணைப்பு: குழாய் செல்லும் வழியின் வரைபடம், துருப்பிடித்த குழாய்த்துண்டின் படம், தொட்டித் தாங்கலின் படம், பம்பு பழுதுபார்த்த ரசீதுகள், மலாய்ப் பிரதி.

நகல்: மாநிலக் கல்வி இலாகா இயக்குநர், மாவட்டப் பொதுப்பணி இலாகாப் பொறியாளர், சட்டமன்ற உறுப்பினர், பள்ளி முதல்வர்.